கல்லீரலில் குடியிருக்கும் கிருமி

 

1998ஆம் ஆண்டு. எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் சவூதிக்குப் புறப்படும் ஆயத்தத்தில் இருந்தார். வயது 22. பாஸ்போர்ட் வந்துவிட்டது, விசாவும் கைக்கு வந்துவிட்டது, உம்மாவின் வளையலை அடகு வைத்துப் பயணத்துக்கான பணமும் திரட்டியாயிற்று. எஞ்சியிருந்தது மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான். அதிலே அவர் 'அன்ஃபிட்' ஆகிவிட்டார். இரத்தத்தில் 'ஹெபடைட்டிஸ் பி' கிருமி இருக்கிறது என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். பரிசோதனை நிலையத்தார் அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏஜெண்ட்தான், "காமாலைக் கிருமி தம்பி, ஆறு மாதம் பத்தியம் இருந்துவிட்டு வாருங்கள்" என்று ஆறுதல் கூறி அனுப்பினார்.

பத்தியம் இருந்தார். கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். ஆறு மாதம் கழித்தும் முடிவு மாறவில்லை. செய்தி வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்களே என்று வீட்டார் அஞ்சினார்கள். காகிதம் பீரோவுக்குள் போயிற்று. அவர் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்தார், திருமணம் செய்தார், பிள்ளைகள் பிறந்தார்கள். வாட்டசாட்டமான மனிதர். ரமளான் முழுவதும் நோன்பு நோற்று, இரவில் இருபது ரக்அத் தராவீஹும் நின்று தொழுவார். அவர் மருத்துவமனைப் படி ஏறி நான் பார்த்ததில்லை.

2023இல் அவருக்குப் பசி குறைந்தது, எடை குறைந்தது, வலது விலாவின் கீழே ஒரு பாரம். ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் 11 சென்டிமீட்டர் அளவுக்குக் கட்டி. நான்காம் மாதம் அவருக்கு ஜனாஸா தொழுகை நடத்தினோம். 47 வயது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருடைய தம்பி எங்கள் மதரஸாவில் என்னோடு ஆசிரியராக இருப்பவர். ஐந்து வயது இளையவர். அண்ணனுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருக்கும்போதே, குடும்பத்தார் அனைவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் கட்டாயப்படுத்தினார். தம்பிக்கும் கிருமி இருந்தது, உம்மாவுக்கும் இருந்தது. அண்ணனின் மனைவிக்கு அது எப்போதோ வந்து, தானாகவே நீங்கிப்போன அடையாளம் தெரிந்தது. பிள்ளைகளுக்கு இல்லை, அல்ஹம்து லில்லாஹ். தம்பிக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்று ஏற்பாடாயிற்று. மூன்றாவது ஸ்கேனில் 1.8 சென்டிமீட்டரில் ஒரு கட்டி தென்பட்டது. வயிற்றின் வழியே ஊசி செலுத்தி அதைச் சூட்டினாலேயே பொசுக்கிவிட்டார்கள். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது ஃபஜ்ருத் தொழுகைக்கு எனக்கு முன்பே வந்து முதல் வரிசையில் நிற்கிறார்.

ஒரே தாய் வயிறு; ஒரே கிருமி; ஒருவருக்கு 11 சென்டிமீட்டர், மற்றவருக்கு 1.8. இந்த வேறுபாடு என் மனத்தை விட்டு அகலவில்லை. நான் மருத்துவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, அரபி இலக்கணம் நடத்திக்கொண்டிருப்பவன். ஆயினும் படித்தும், அறிந்தவர்களைக் கேட்டும் நான் தெரிந்துகொண்டவற்றை நம் குடும்பங்களுக்குச் சொல்லாதிருக்க மனம் ஒப்பவில்லை.

காமாலை வராதவருக்கே ஆபத்து

கல்லீரலைத் தாக்கும் கிருமிகளில் 'ஏ' வகையும் 'ஈ' வகையும் அசுத்தமான நீரிலும் உணவிலும் வருபவை. கண் மஞ்சளாகும், சில வாரங்களில் பெரும்பாலும் குணமாகும், கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் தங்கி அவை புற்றை விளைவிப்பதில்லை. நம் தாய்மார்கள் காமாலை என்று அறிந்தது பெரும்பாலும் இவற்றைத்தான். 'பி' வகையும் 'சி' வகையும் வேறு. இவை இரத்தத்தின் வழியே பரவுபவை. கல்லீரலில் குடியேறிவிடக் கூடியவை. உலகில் ஏற்படும் கல்லீரல் புற்றில் பெரும்பங்குக்கு இவ்விரண்டுமே காரணம். 'பி' கிருமியின் தடயத்தை ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் கண்டவர் ப்ளம்பர்க் என்னும் அமெரிக்கர். அவர் பிறந்த நாளான ஜூலை 28தான் இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாளாக அனுசரிக்கப்படுகிறது. 'சி' கிருமி 1989இல்தான் அடையாளம் காணப்பட்டது.

இனி நான் சொல்லப்போவது முதலில் கேட்டபோது எனக்கே நம்ப முடியாததாக இருந்தது. 'பி' கிருமி ஒருவருக்கு எந்த வயதில் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தே அவருடைய பிற்காலம் அமைகிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு வந்தால், உடல் அதைப் பகைவன் என்று கண்டு போரிடுகிறது. காய்ச்சல் வரும், காமாலை வரும், படுக்கையில் கிடப்பார். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கிருமியை வென்று வெளியேற்றிவிடுகிறார்கள். பிறக்கும்போதோ முதல் ஓராண்டுக்குள்ளோ ஒரு குழந்தைக்கு வந்தால் நடப்பது நேர்மாறு. அப்பிஞ்சு உடல் பகைவனை இனம் காண்பதில்லை. வீட்டுக்குள் நுழைந்தவனை உறவினன் என்று எண்ணி இடம் கொடுத்துவிடுகிறது. காய்ச்சலும் இல்லை, காமாலையும் இல்லை. அப்படிப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் கிருமி ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது.

ஆகவே, "எனக்குக் காமாலையே வந்ததில்லை, எனக்கு எதற்குப் பரிசோதனை?" என்று கேட்பவர்தான் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர். அந்த அண்ணனின் மனைவிக்கு ஏன் நீங்கியது, அண்ணனுக்கு ஏன் நீங்கவில்லை என்பதும் இப்போது விளங்கியிருக்கும். மனைவிக்கு அது வளர்ந்த வயதில் வந்தது. அவருக்கோ பிறந்த அன்றே வந்தது.

நாற்பதில் தட்டும் கதவு

பச்சிளம் வயதில் குடியேறிய கிருமி பல பத்தாண்டுகள் ஓசையின்றி இருக்கிறது. அது தன் மரபுப் பொருளின் துண்டுகளைக் கல்லீரல் அணுக்களின் மரபுப் பொருளுக்குள்ளேயே செருகிவிடுகிறது. இடைக்காலத்தில் உடல் விழித்துக்கொண்டு தாக்கும்போதெல்லாம் அணுக்கள் மடிந்து, புதியவை தோன்றி, தழும்பு ஏறுகிறது. இப்படித் தழும்பேறி இறுகிப்போன கல்லீரலைத்தான் 'சிர்ரோசிஸ்' என்கிறார்கள். அணுக்கள் மீண்டும் மீண்டும் பிறக்கும் இடத்தில் ஒன்று நெறிகெட்டுப் புற்றாக மாறுவதற்கு வாய்ப்பு மிகுதி. அதிலும் 'பி' கிருமிக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. கல்லீரல் இறுகாதிருக்கும்போதே அது புற்றை உண்டாக்கவும் கூடும். நல்ல உடற்கட்டோடு நடமாடிய நாற்பது வயதுக்காரர் திடீரெனச் சாய்வது இதனால்தான்.

இதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்தது தைவான் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு. பீஸ்லி என்னும் மருத்துவர் 22,707 ஆண்களின் இரத்தத்தைச் சோதித்து வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தார். 1981இல் முடிவு வெளிவந்தது. அதற்குள் கல்லீரல் புற்றால் இறந்தவர்கள் 41 பேர். அவர்களில் 40 பேர் 'பி' கிருமி உடையவர்கள். அஃது இல்லாதவர் ஒரே ஒருவர்!

இதைப் படித்துவிட்டு யாரும் நடுங்க வேண்டாம். சிறுவயது முதல் கிருமியைச் சுமப்பவர்களில் சிர்ரோசிஸாலோ புற்றாலோ இறப்பவர்கள் நூறில் 15 முதல் 25 பேர் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் பேரப்பிள்ளைகளைக் கண்டு வேறு காரணத்தால்தான் கண்மூடுகிறார்கள். ஆனால் அந்த இருபது பேர் யார் யார் என்பது முன்கூட்டித் தெரிவதில்லையே! ஆண்களுக்கு ஆபத்து அதிகம். வயது ஏற ஏற அதிகம். உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ இப்புற்று வந்திருந்தால் மேலும் அதிகம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் தானியத்திலும் உண்டாகும் 'அஃப்ளடாக்சின்' என்னும் நஞ்சும் கிருமியோடு சேர்ந்துகொண்டால் புற்று இன்னும் இளவயதிலேயே வருகிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் முப்பதுகளிலேயே இந்நோய் பலரைக் கொண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். கறுத்துக் கசக்கும் கடலையை, செட்டிலே எண்ணெய்க்குப் போட்டுவிடலாம் என்று எண்ணாமல், தயங்காது வீசிவிடுங்கள்.

மிஸ்ர் நாட்டின் ஊசி

'சி' கிருமியின் கதை வேறு விதமானது. நம் சகோதர நாடாகிய மிஸ்ரில், அதாவது எகிப்தில், நடந்தது. நைல் நதி வாய்க்கால்களில் இறங்கி வேலை செய்யும் உழவர்களைப் பில்ஹார்சியா என்னும் புழுநோய் வாட்டியது. அதை ஒழிப்பதற்காக 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை அரசு ஊர் ஊராகச் சென்று நரம்பில் ஊசி போட்டது. நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட பணி. ஆனால் கண்ணாடி ஊசிகளைச் சரிவரக் கொதிக்கவைக்காமல் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றினார்கள். ஒரு நோய்க்கு மருந்து போன வழியிலேயே, அன்று எவரும் பெயர் அறியாத இன்னொரு நோயும் போயிற்று. 2008இல் நாடளாவிய கணக்கெடுப்பு நடந்தபோது, 15 முதல் 59 வயது வரை உள்ளவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் 'சி' கிருமியோடு வாழ்வது தெரியவந்தது. வயது ஏற ஏற விகிதமும் ஏறியது. இளமையில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், முதுமையின் வாசலில் கல்லீரல் புற்றோடு வந்து நின்றார்கள்.

ஏன் இத்தனை தாமதம்? 'சி' கிருமி 'பி'யைப் போல அணுவின் மரபுப் பொருளுக்குள் புகுவதில்லை. பெரும்பாலும் கல்லீரலை இறுகச் செய்த பின்னரே புற்றுக்கு வழிவிடுகிறது. இறுகுவதற்கு எவ்வளவு காலம் என்பதை பாய்நார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1997இல் கணித்தார். சராசரி 30 ஆண்டுகள். ஆனால் 40 வயதுக்கு மேல் கிருமி தொற்றிய ஆண்களுக்கு 13 ஆண்டுகளே போதும். 40க்கு முன் தொற்றிய, மது அருந்தாத பெண்களுக்கோ 42 ஆண்டுகள். கவனித்தீர்களா? 'பி' கிருமி குழந்தையாக இருக்கும்போது வந்தால் கேடு. 'சி' கிருமி வயதான பின் வந்தால் அதிவேகக் கேடு. மது அந்த வேகத்தைப் பன்மடங்காக்குகிறது என்பதைப் பாய்நார் தனியே சுட்டிக்காட்டினார். ஹராம் என்று மார்க்கம் விலக்கியதை மருத்துவமும் விலக்கச் சொல்கிறது என்பதை விட்டுவிட்டு மேலே செல்கிறேன்.

எகிப்தியர் அழுதுகொண்டே இருந்துவிடவில்லை என்பதுதான் இதில் பெரிய செய்தி. 'சி' கிருமியை முற்றிலும் ஒழிக்கும் மாத்திரைகள் 2013, 2014ஆம் ஆண்டுகளில் வந்தன. பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணம். அமெரிக்காவில் ஒரு சுற்றுக்கு 84,000 டாலர் விலை சொன்ன மருந்தை எகிப்து பேரம் பேசி 900 டாலருக்குப் பெற்றது. பின்னர் உள்நாட்டிலேயே தயாரித்து விலையை மேலும் பலமடங்கு குறைத்தது. 2018 அக்டோபரிலிருந்து ஏழே மாதங்களில் ஏறத்தாழ 5 கோடிப் பேரைச் சோதித்து முடித்தார்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனம் இதற்காக அந்நாட்டைப் பாராட்டித் தனிச் சான்று வழங்கியது. மாஷா அல்லாஹ்! ஒன்றை மட்டும் அங்குள்ள மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கல்லீரல் இறுகிய பின் குணமடைந்தவருக்குக் கிருமி போய்விட்டாலும் ஆபத்து முற்றும் போவதில்லை. அவர் ஸ்கேனை நிறுத்தக்கூடாது.

ஆறு மாதம் என்பது ஏன்?

தம்பிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்றார்களே, ஏன் ஆண்டுக்கு ஒருமுறை என்று சொல்லவில்லை? கட்டி வளரும் வேகத்தைக் கொண்டே இக்கணக்குப் போடப்பட்டிருக்கிறது. கல்லீரல் புற்றுக் கட்டியின் கனஅளவு இரட்டிப்பாகச் சராசரியாக நான்கு அல்லது ஐந்து மாதங்கள் ஆகின்றன. கனஅளவு மூன்று முறை இரட்டித்தால்தான் குறுக்களவு இரட்டிக்கும். அதாவது 1 சென்டிமீட்டர் கட்டி 2 ஆவதற்கு ஓராண்டுக்குச் சற்று மேல். 2 என்பது 4 ஆக இன்னோர் ஆண்டுக்கு மேல். இது சராசரி மட்டுமே. சிலருக்குக் கட்டி ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும். சிலருக்கு இரண்டே மாதத்தில் இரட்டிக்கும். 'பி' கிருமியால் வந்த கட்டிகள் 'சி' கிருமியால் வந்தவற்றைவிட விரைந்து வளர்வதைக் கொரிய நாட்டு மருத்துவர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள்.

2 சென்டிமீட்டருக்குள் கண்டால் பொசுக்கிவிடலாம், அல்லது அறுத்தெடுத்துவிடலாம். ஒற்றைக் கட்டி 5 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மாற்றுக் கல்லீரலுக்கும் இடமுண்டு. அதைத் தாண்டிவிட்டால் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. கல்லீரலுக்குள்ளே வலி உணரும் நரம்பு இல்லாததால் கட்டி பெரிதாகி மேலுறையை இழுக்கும் வரை உடையவருக்கு எதுவும் தெரிவதில்லை. ஷாங்காய் நகரில், 35 முதல் 59 வயதுக்குட்பட்ட 18,816 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அப்பிரிவில் கல்லீரல் புற்றுச் சாவு 37 விழுக்காடு குறைந்ததாக 2004இல் அறிவித்தார்கள். 'பி' கிருமி உடைய ஆசிய நாட்டு ஆண்கள் 40 வயதிலும், பெண்கள் 50 வயதிலும் இச்சோதனையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது மருத்துவ விதி. கல்லீரல் இறுகியிருந்தாலும், குடும்பத்தில் இப்புற்று வந்திருந்தாலும் அந்த வயது வரை காத்திருக்கலாகாது.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்பீர்கள். 1988இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ப்ளம்பர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லி அருந்திய 37 பேரில் 22 பேருக்குக் கிருமி மறைந்ததாக எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு நாடுகளில் அதைச் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. மூலிகையை நான் இகழவில்லை. அதை நம்பி ஸ்கேனை விட்டுவிடாதீர்கள் என்றே சொல்கிறேன்.

முதல் இருபத்து நான்கு மணி நேரம்

கிருமியுள்ள தாயிடமிருந்து குழந்தைக்கு அது பெரும்பாலும் பிரசவ வேளையில்தான், இரத்தத்தின் மூலம் போகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டுவிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். தாய்க்குக் கிருமி இருப்பது தெரிந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற இன்னோர் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். கிருமி மிகுதியாக இருந்தால் கருவுற்ற கடைசி மாதங்களில் தாய்க்கு மாத்திரையும் தருவார்கள். தைவான் 1984இல் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசியைத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுச் சிறார்களில் கல்லீரல் புற்று, இலட்சத்துக்கு 0.70 என்ற அளவிலிருந்து பத்தே ஆண்டுகளில் 0.36 ஆக இறங்கியது. ஒரு புற்றுநோயைத் தடுப்பூசியால் தடுக்க முடியும் என்று உலகம் கண்டது அப்போதுதான்.

நம் நாட்டில் 2011 முதல் எல்லா மாநிலங்களிலும் அரசே இதை இலவசமாகப் போடுகிறது. பிறந்தவுடன் ஒன்று, பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியோடு சேர்த்து. 6ஆம் வாரம்தான் போடுகிறார்களே என்று முதல் ஊசியை விட்டுவிடுவோர் உண்டு. விட்ட அந்த ஓர் ஊசிக்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

நம் வீடுகளில்

கிருமி இருப்பது தெரிந்ததும் அந்தத் தம்பியைச் சிலர் சஹனிலிருந்து ஒதுக்கினார்கள். ஒரு கல்யாண விருந்தில் அவர் தனித் தட்டோடு ஓரத்தில் அமர்ந்திருந்ததைக் கண்டு நான் போய் அவரோடு அமர்ந்துகொண்டேன். ஒரே சஹனில் உண்பதாலோ, ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ, முஸாஃபஹா செய்வதாலோ இக்கிருமி பரவாது. பரவுவது இரத்தத்தாலும், தாம்பத்திய உறவாலும், தாய் வழியாகவும்தான். குழந்தையின் ஏழாம் நாள் முடியிறக்கும் கத்தி, ஒஸ்தாவின் கத்னாக் கத்தி, காது குத்தும் ஊசி, ஹஜ்ஜிலும் உம்ராவிலும் தலை மழிக்கும் பிளேடு ஆகியவற்றில்தான் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு புதிய பிளேடு. வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

கிருமி இருப்பவர் நிக்காஹ் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். மணமகளுக்கோ மணமகனுக்கோ முன்கூட்டியே மூன்று தடுப்பூசிகளையும் போட்டுவிட்டால் போதும். ஆனால் மறைக்கக்கூடாது. விற்கும் துணியில் உள்ள கிழிசலையே மறைக்கக்கூடாது என்று படித்த சமுதாயம் நாம். காரணம் கேட்டவுடன் சம்பந்தத்தை முறிப்பதும் அதே அளவு தவறு என்பேன். நாம் முறிப்பதால்தான் அவர்கள் மறைக்கிறார்கள்.

'பி' கிருமிக்கான மாத்திரை கிருமியை அடக்கி வைக்குமே அன்றி, பெரும்பாலோருக்கு வேரோடு களைவதில்லை. மருத்துவர் சொல்லாமல் தாமே நிறுத்தினால் நோய் சீறி எழும். நாளுக்கு ஒன்றுதான் என்பதால் நோன்புக்கு இடைஞ்சல் இல்லை. ஸஹரிலா, இரவிலா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லீரல் முற்றிலும் இறுகி வயிற்றில் நீர் கோத்தவர்கள் மட்டும் மார்க்கம் அளித்த சலுகையைத் தயங்காமல் ஏற்க வேண்டும். அரசின் தேசியக் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டம் 2018 ஜூலை 28இல் தொடங்கப்பட்டது. அதன்படி அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 'எச்.பி.எஸ்.ஏ.ஜி.', 'ஹெச்.சி.வி.' என்ற இரண்டு பரிசோதனைகளின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். வளைகுடாவுக்கான மருத்துவச் சோதனையில் 'அன்ஃபிட்' ஆன தாள் எவர் வீட்டுப் பீரோவிலாவது இருந்தால், அதையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

அந்த உம்மா ஒருநாள் என்னிடம் கேட்டார்: "என் பாலாலயா ஹஸ்ரத், என் பிள்ளை போயிட்டான்?"

பாலால் இல்லை என்று சொன்னேன்; கிருமியுள்ள தாயும் தடுப்பூசி போட்ட குழந்தைக்குத் தாராளமாகப் பாலூட்டலாம் என்பதைச் சொன்னேன். மூத்தவரை அவர் பெற்றது 1976இல். ப்ளம்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்த ஆண்டு அது. உலகின் எந்த மருத்துவமனையிலும் அத்தடுப்பூசி அன்று கிடையாது. தம்பி பிறந்த 1981இல்தான் அமெரிக்காவில் அதற்கு முதன்முதலாக அனுமதி கிடைத்தது. அவர் பதில் பேசவில்லை. கேட்டுக்கொண்டே தஸ்பீஹ் மணியை உருட்டியபடி இருந்தார்.

சில மாதங்களுக்கு முன் மூத்தவரின் மகளுக்குப் பிரசவம். பேரனுக்கு என்ன பெயர் வைப்பது என்று ஆண்கள் மருத்துவமனை வாசலில் பேசிக்கொண்டிருந்தோம். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த நர்ஸிடம் அந்த உம்மா முதலில் கேட்டது, ஆணா பெண்ணா என்றன்று; "அந்த ஊசி போட்டாச்சா?" என்றுதான்.